மீன் லொறிக்கு ஒரு பிளாஸ்மா கட்டர்

யூலை 9, செவ்வாய்

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. காலைப் பிட்டில் மணல்.

சாக்கு விரித்து மகள் ஜெசியின் லொறிக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். பின் குறுக்குச் சட்டம் போய்விட்டது. மீன் பெட்டிகளில் இருந்து வடியும் உப்புத் தண்ணீர் எல்லாம் அதன் மேல்தான். விரலால் அழுத்தத் தகடு தகடாக உதிர்ந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வெல்டிங் செய்து ஒட்ட வேண்டும். ஒட்டுவேன், மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில் ஜன்னல் கம்பி ஒட்டிப் பழகியது. வெட்டுவதுதான் பயம். அந்த இடுக்கில் கிரைண்டர் நுழையாது. காஸ் சுடரால் வெட்டலாம், ஆனால் சிலிண்டர் இந்த வீட்டு வளவுக்குள் வேண்டாம்.

டவுன் கராஜில் லொறியை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். எப்போது முடியும் என்று சொல்லமாட்டார்கள். அதற்குள் மீன் வாங்கும் வவுனியா முதலாளி வேறு லொறி பிடித்துவிடுவார். மருமகன் கட்டாரில், இந்த லொறி ஓடினால்தான் வீடு ஓடும்.

மகள்: "அப்பா, கட்டர் மெசின் விசாரிக்கிறன் எண்டனீங்கள். விசாரிச்சனீங்களோ?"

"யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"போன மாசமும் இதைத்தான் சொன்னனீங்கள்."

உண்மை.

யூலை 11, வியாழன்

காற்று அப்படியே. கரண்ட் இருமுறை போய் வந்தது. வலது முழங்கால் வலி.

பிளாஸ்மா கட்டர் (கரண்டும் காற்றும் சேர்ந்த சுடரால் இரும்பை வெட்டும் மெசின்), கேட்க வேண்டியவை:

1. தடிப்பு. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதே. அது எப்படியோ பிய்த்து எடுக்கும் அளவு. துப்புரவாக வெட்டுவது அதில் பாதிதான். நமக்குப் பாதி போதும். (போதுமா?)
2. வீட்டு லைன் தாங்குமா. பின்னேரம் எல்லா வளவிலும் தண்ணீர் மோட்டர், லைற் மங்குகிறது. ஆகவே காலையில் மட்டும் வேலை. பிரிஜ்ஜை நிறுத்து.
3. காற்று. கொம்பிரசர் இரவல். இங்கே காற்றில் ஈரம் அதிகம்; ஈரம் மெசினுக்குள் போனால் முனை எரிந்துவிடும். தண்ணீர் பிரிக்க பில்டர் தனியாக வாங்கு.
4. மாற்று முனை வவுனியாவில் கிடைக்குமா. இல்லையென்றால் வெறும் பெட்டி.
5. இரண்டு வகை. ஒன்று தன் சுடரைக் காற்றிலேயே பற்றவைக்கும். துருக்கறள், பெயின்ற் பார்க்காமல் ஓடும். மற்றது முனை இரும்பில் பட்டால்தான் பற்றும். இது மலிவு.

ஐந்தாவதில் நிற்கிறேன். காலையில் இருந்து.

பின்னேரம், நசீரின் டயர் கடை. எருக்கலம்பிட்டி ஆள், புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவர். நோன்பு தொடங்கிவிட்டது, தண்ணீர் இல்லை, வாய் மட்டும் ஓயவில்லை.

"ஐயா, எனக்குப் பொம்புள பாக்கப் போன ஆக்களே இவ்வளவு கேள்வி கேக்கல்ல."

"பிழையானதை வாங்கிப்போட்டால்?"

"அவளுக்கும் பிழையானதுதான் கிடைச்சது. வச்சுச் சமாளிக்கிறாள்தானே."

கொம்பிரசர் தருகிறார்.

யூலை 12, வெள்ளி

மீனோடு நானும் வவுனியாவுக்கு. முதலாளி ஜெ.யிடம் சொன்னது காதில் விழுந்தது: "லொறி திருத்தத் திங்களும் செவ்வாயும் விடுறன் தங்கச்சி. புதன்கிழமை நீங்கள் வரேல்லையெண்டால் நான் வேற ஆளைப் பாப்பன், கோவிக்கக் கூடாது." கோபமில்லாத குரல். அதுதான் பயம்.

கடையில் இரண்டு வகையும் இருந்தன. கடைக்காரர் பொறுமைசாலி.

"கறள் வாகனம் எண்டால் தானே பத்துறதை எடுங்கோ ஐயா."

"முதல்லை நல்லாச் சுரண்டிப்போட்டு வெட்டினால்?"

"அப்பிடியெண்டால் மலிஞ்சதும் போதும்."

வெளியே ஜெ. ஹோர்ன் அடித்தாள். மலிந்ததை எடுத்தேன். யோசித்து எடுத்தேனா, ஹோர்னுக்கு எடுத்தேனா? வழியில் முருங்கன் சந்தி வந்தபோது லொறியைத் திருப்பச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

"மெசின் என்ன குழந்தையே அப்பா, மடியிலை வச்சிருக்கிறீங்கள்? கீழை வையுங்கோ."

யூலை 14, ஞாயிறு

பூசை முடிந்து தேவாலய வாசலில் யாரோ, எனக்குக் கேட்கும்படி: "மகள் லொறி ஓடுறா, தேப்பன் வெட்டி ஒட்டுறார். இனி மாப்பிள்ளை வந்து மீன் கழுவ வேண்டியதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

விளக்கத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்னும் பிளக் போடவில்லை. பெட்டிக்கு மேல் துவாய் போட்டு மூடியிருக்கிறேன்.

யூலை 15, திங்கள்

டீசல் தாங்கியைக் கழற்றித் தூர வைத்தாயிற்று. மணல் வாளி, நனைத்த சாக்கு, கறுப்புக் கண்ணாடி. நசீர் கொம்பிரசரோடு வந்தார்.

முதலில் பழைய தகடு ஒன்றில். தொட்டதும் பற்றியது. சீலை கிழிவது போல ஒரு சத்தம், தகடு இரண்டு. இவ்வளவு சந்தோஷப்பட்டுப் பல காலம். மறைத்தேன்.

குறுக்குச் சட்டம் மதியத்துக்குள் கழன்றுவிட்டது.

பிறகுதான் பிழை வந்தது. புதிய சட்டம் பொருந்த, வலப்பக்க நீளச் சட்டத்தில் சின்னதாக ஒரு விளிம்பு வெட்ட வேண்டும். லொறியின் முழுப் பாரத்தையும் தாங்குவது அந்தச் சட்டம். அங்கே சுடர் பற்றவில்லை. முனையை மாற்றினேன். இரும்பில் பிடிக்கும் எர்த் கவ்வியைத் துடைத்து வேறு இடத்தில் பிடித்தேன். காற்றைக் கூட்டினேன், குறைத்தேன். இல்லை.

பெயின்ற் தடிப்பு. சுரண்ட மறந்து, முனையை நானே கெடுத்திருப்பேன். தானே பற்றும் வகையை எடுத்திருக்க வேண்டும். கடைக்காரர் சொன்னார். கேட்கவில்லை.

"மெசின் பிழை" என்று ஜெ.யிடம் சொன்னேன். என் பிழை என்று சொல்ல வாய் வரவில்லை.

யூலை 16, செவ்வாய்

காற்று சற்றுக் குறைவு.

மெசின் பிழையில்லை.

விடிந்ததும் அந்த இடத்தைச் சுரண்டினேன். கறுப்புப் பெயின்ற். அதன் கீழ் சாம்பல் நிறம். இரும்பின் பளபளப்பு வருமென்று சுரண்டிக்கொண்டே போனேன். பலகையில் எழுதும் சோக்கட்டி மாதிரித் தூள்தான் கொட்டியது. பிரிஜ் கதவில் இருந்த வேளாங்கண்ணி மாதா காந்தத்தை எடுத்து வந்து வைத்தேன். மாதா மணலில் விழுந்தார். துடைத்து மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தார். ஸ்குரூ டிரைவரை அழுத்தக் கைபிடி வரை உள்ளே போனது.

அங்கே இரும்பே இல்லை. கறள் தின்ற ஓட்டையைப் புட்டிப் பசை வைத்து நிரப்பி, பெயின்ற் அடித்து விற்றிருக்கிறார்கள். பின் சக்கரத்தின் வில்லுத் தகடு தொங்குவது அதில்தான். லொறியின் பின்தட்டில் மீன் கழுவும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து போவார்கள். ஒவ்வொரு நாளும், கடல் பாலத்துக்கு மேலால்.

நசீர் குந்தியிருந்து பார்த்தார். பகிடி விடவில்லை. "அல்லாஹ்" என்று மட்டும்.

ஜெ.யைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தானே பார்த்து, பேரம் பேசி வாங்கிய லொறி. குனிந்து சரியாகப் பார்க்கவும் இல்லை.

"குறுக்குச் சட்டத்தைப் போல்ற் போட்டு இறுக்கித் தாங்கோ. நாளைக்கு ஒருக்காப் போயிட்டு வாறன். அரைவாசி லோட்தான்."

"ஏலாது பிள்ளை."

"நேற்று மெசின் பிழை எண்டீங்கள். இண்டைக்கு லொறி பிழை. நாளைக்கு என்ன சொல்லுவீங்கள்?"

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. நாளைய லோட்டுக்கு ஐஸ் சொல்ல, ஐஸ்காரருக்குப் போன் எடுக்க உள்ளே போனாள்.

நான் ஒருவேளை பிழையாகப் பார்த்திருந்தால்? மறுபடி காந்தம். விழுந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால், இன்னும் கொஞ்சம். ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே சுரண்ட வெள்ளி போல இரும்பு.

லொறி சரியாதபடி பனங்குற்றிகளை இரு பக்கமும் அடை கொடுத்தேன். நசீர்: "ஐயா, பிள்ளயக் கேட்டீங்களா?" கேட்கவில்லை என்றேன். அவர் கொம்பிரசரைப் போட்டார்.

தொட்டதும் பற்றியது. நல்ல இரும்பை, குறுக்கே, முழுவதுமாக வெட்டினேன். இனி எந்த போல்ற்றும் இதை ஓட வைக்காது.

சத்தம் கேட்டு ஜெ. ஓடி வந்தாள். புகை போகும் வரை நின்றாள். விழுந்து கிடந்த துண்டைக் காலால் புரட்டினாள். உள்ளே புட்டி, கம்பி வலை, மடித்து வைத்த பழைய சாக்கு.

"முதலாளிக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்."

ஸ்குரூ டிரைவரை என் கையில் இருந்து வாங்கி, நான் படுத்த சாக்கை இடப்பக்கம் இழுத்துப் போட்டு, லொறிக்குக் கீழே போனாள். சுரண்டும் சத்தம். நிறுத்தினாள். மறுபடி சுரண்டினாள்.

"அப்பா," என்றாள் கீழே இருந்து, "இஞ்சையும் இரும்பு இல்லை."