சீனியோடு நாலு மாதமும் பத்து நாளும்

என் மகளின் வாப்பாவுக்கு,

உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும். நீங்கள் இருந்தபோதே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மௌத்தான பிறகா பழகப்போகிறேன்? உங்களை அடக்கிய மையவாடிக்குப் பெண்கள் வருவதும் நம் ஊரில் வழக்கமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும்.

இத்தா முடிந்து இன்றைக்கு ஐந்தாம் நாள். உங்களுக்காகத் துக்கம் காத்து நாலு மாதமும் பத்து நாளும் வாசற்படி தாண்டாமல் இருந்தேன். இப்போது போகலாம் என்கிறார்கள், எனக்குத்தான் எங்கே போவது என்று தெரியவில்லை. படுத்து எழும்பினாலும் தீராத களைப்பாக இருக்கிறது. ஆனாலும் சீனியின் விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

டொக்டர் சீனியை நிறுத்தச் சொன்ன அதே கிழமை நீங்கள் ஒரு வெள்ளை முயலை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். வத்தேகமக் கடை வாசலில் யாரோ விட்டுப் போனதாம். "இந்தச் சீனிக்குத் தடை இல்ல தானே" என்று பேர் வைத்துச் சிரித்தீர்கள். குக்கர் விசிலுக்கும் பயம், கதவுச் சத்தத்துக்கும் பயம், பின்னங்காலால் தரையை அடித்துவிட்டு ஓடி ஒளிந்துகொள்ளும். உங்கள் மடியில் மட்டும் தூங்கும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு உங்களுக்குப் பிறந்த செல்லப்பிள்ளை என்று நான் கேலி செய்தேனே, நினைவிருக்கிறதா? அதை நான் தொட்டதே இல்லை. வீடு கூட்ட இடைஞ்சல் என்று ஏசியதுதான்.

முதன்முதலில் தொட்டது உங்கள் ஜனாஸா அன்றைக்கு.

உங்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி ஹோலில் கட்டிலில் வைத்திருந்தார்கள். ஆண்கள் வரத் தொடங்கியதும் என்னை உள்ளறைக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசியாக முகம் பார்க்க என்னைக் கூப்பிட்டபோது கட்டிலுக்கு அடியில் சீனி ஒடுங்கிக் கிடந்தது. அத்தனை சனத்துக்குள்ளும் அது அங்கிருந்து அசையவில்லை. நான் குனிந்து அதன் இரண்டு காதையும் பிடித்து இழுத்துத் தூக்கினேன். அது வீரிட்டுக் கத்தியது. முயலுக்குக் குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு வந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

அசுத்தம் என்பதால் செய்தேன் என்று வந்தவர்களிடம் சொன்னேன். அது பொய். எத்தனையோ மணித்தியாலம் அது உங்களுக்குப் பக்கத்தில் இருந்தது, நான் இருக்கவில்லை. எனக்குப் பொறாமை.

அதன் பிறகு அது என்னைக் கண்டாலே அலுமாரிக்குப் பின்னால் போய்விடும். வைத்த வல்லாரை வாடிக் கிடக்கும். நான் குசினிக்குப் போன பிறகு வந்து நாலு இலை கடிக்கும், அவ்வளவுதான். முதுகெலும்பு தெரியும் அளவுக்கு இளைத்துவிட்டது. பிலிமத்தலாவையிலிருந்து மகள் ஃபஸ்லா வந்து பார்த்துவிட்டு, "உம்மா, இத்தா முடிஞ்சதும் நீங்க எங்கட வீட்டுக்கு வாங்க. அங்க ரெண்டு பூனை ஈக்குது, இதக் கொண்டு வர ஏலா. யாருக்காவது குடுத்திடுவோம்" என்றாள். சரி என்றேன். கொடுப்பதற்கும் அது உயிரோடு இருக்க வேண்டுமே.

உங்கள் உடுப்பையெல்லாம் உறவுக்காரர்கள் துவைத்துத் தானம் கொடுத்துவிட்டார்கள். அத்தர் போத்தல் மட்டும் மிஞ்சியிருந்தது. "வாப்பாட அத்தரக் கையில தேய்ச்சிக்கிட்டுப் போங்க, வாப்பா எண்டு நெனச்சி வரும்" என்றாள் மகள்.

"இத்தாவில ஈக்கிறவ வாசம் பூச ஏலா மகள்."

சொல்லிவிட்டேனே தவிர, போத்தலைத் திறந்து திறந்து மூடினேன். பூசியிருந்தால் ஒரு நாளில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அது உங்களிடம் வந்ததாகத்தானே இருக்கும்? என்னிடம் வரவேண்டுமென்றால் வெங்காயமும் வெள்ளைப்பூடும் மணக்கிற இந்தக் கைக்குத்தான் வரவேண்டும்.

பிழை பிழையாகச் செய்தேன். அலுமாரியின் பின்னால் கையை நீட்டினேன், கடித்தது. கரட்டை நூலில் கட்டி இழுத்தேன், பயந்துபோய் ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னவில்லை. முழங்கால் வலியால் நான் கதிரையில் இருந்து தொழுவது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுத பிறகு, கதிரையில் இருக்கவும் அலுத்துப்போய், அப்படியே தரைக்கு இறங்கி, சுவரில் சாய்ந்து தஸ்பீஹ் மணி உருட்டி ஓதினேன். அதைப் பார்க்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. கொஞ்ச நேரத்தில் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு மூக்கு தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் அஸருக்குப் பிறகு தரைதான். எழும்பும்போது யா அல்லாஹ் என்று இரண்டு கையையும் ஊன்றித்தான் எழும்புவேன். முதல் இரண்டு கிழமை அது பாதி அறை வரைக்கும் வந்து திரும்பிவிடும். நான் தும்மினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. பிறகு ஒரு நாள் என் பாதத்தை மோந்தது. இன்னொரு நாள் தஸ்பீஹின் குஞ்சத்தைக் கடித்தது, நான் விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் என் கையிலிருந்து வல்லாரை தின்றது. அதன் மீசை உள்ளங்கையில் பட்டபோது அழுதேன், சத்தமில்லாமல், அது ஓடிவிடும் என்பதற்காக.

ஃபஸ்லாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நினைப்பாள்?

இத்தா முடிந்த மறுநாள், அவள் ஏற்பாடு செய்திருந்த ஆள் பன்விலயிலிருந்து வந்தார். முயல் வளர்க்கிறவர், நல்ல மனிதர்தான். கறிக்கா என்று கேட்டேன். "கறிக்குக் கேக்குறவங்களுக்கும் குடுக்குறதுதாம்மா, பொய் சொல்லக்கூடாது" என்றார். சாக்கை விரித்துக்கொண்டு அலுமாரியை நகர்த்தலாமா என்று கேட்டார். நகர்த்தினால் பயந்து செத்துவிடும், நானே கூப்பிடுகிறேன் என்றேன்.

தரையில் இருந்தேன். வல்லாரை கொடுக்கும்போது செய்வதுபோல நாக்கைச் சொடுக்கினேன். அந்நிய ஆள் நிற்கிறார், சாக்கு கிடக்கிறது, இருந்தும் அது வெளியே வந்தது. வந்து என் மடியில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடியது.

"இப்புடிப் பழகுனதப் புடிக்கிறது லேசும்மா" என்று அவர் குனிந்தார்.

நான் இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டேன். அன்றைக்குக் காதைப் பிடித்து இழுத்தபோது அதற்கு என் மேல் நம்பிக்கை இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. இன்றைக்குக் கொடுத்தால் அதற்குப் பேர் என்ன? "மன்னிச்சிக்கோங்க, நான் குடுக்கல்ல" என்றேன். அவர் சாக்கைச் சுருட்டினார். பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்.

மகள் கோபமாக இருக்கிறாள். "ஒரு முசலுக்காக எங்கள வேணாம் எண்டுறீங்களா உம்மா?" என்று போனில் அழுதாள். அப்படி இல்லை என்று எப்படிச் சொல்லி விளங்கவைப்பேன்? அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் போனதிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலும் நான் கேட்ட துஆ ஒன்றே ஒன்றுதான். யா அல்லாஹ், என்னையும் சீக்கிரம் அவரிடம் சேர்த்துவிடு என்றுதான் கேட்டேன்.

நாலு நாளாக அதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். கோபிக்க வேண்டாம். இந்தப் பயந்தாங்கொள்ளியால் இன்னொருவரை முதலிலிருந்து நம்பிப் பழக முடியாது. அது இருக்கும்வரை நானும் இருப்பேன், அல்லாஹ் நாடினால். அதுவரைக்கும் என்னை எதிர்பார்க்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
ஃபஸ்லாவின் உம்மா