பார்க்காமல் விட்ட இரட்டைக் குளம்

அப்பா,

நேற்று எங்கள் வயல் வெட்டி முடிந்தது. வைக்கோல் மணம் குசினி அடுப்படிவரை வந்து நிற்கிறது. கூடவே உங்கள் குரலும்: "சிறுபோகம் வெட்டி முடியட்டும், திரும்பவும் போவம்." நீங்கள் சொன்ன சிறுபோக அறுவடைக்கு நீங்கள் இருக்கவில்லை. இது அதற்கடுத்தது. உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. இனி நான் பொறுக்கமாட்டேன்.

அந்த அனுராதபுரப் பயணம் என் திருவிளையாடல்தான். கல்யாணம் கட்டிய நாள் முதல் நீங்கள் இருவரும் சோடியாகப் போன இடங்கள் ஆஸ்பத்திரியும் உரக்கடையும்தானே? அதனால் உங்களிடம், "அம்மா ராசாக்களின்ரை ஊர் பாக்க ஆசைப்படுறா" என்றேன். அம்மாவிடம், "அப்பா உங்களைக் கூட்டிக்கொண்டு போகோணுமாம்" என்றேன். இருவரும் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு மாப்பிள்ளை பொம்பிளை மாதிரி நின்றீர்கள்.

வவுனியா தாண்டியதும் அம்மா கேட்டார்: "என்ன, திடீரெண்டு உங்களுக்கு ஊர் சுத்துற ஆசை?"

"எனக்கோ? நீரெல்லோ கேட்டனீர்!"

இரண்டு தலைகளும் ஒன்றாகப் பின்சீற்றுக்குத் திரும்பின. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். "உவள் குரங்கு, நித்திரையாம்!" என்றீர்கள். சிரிப்பை அடக்கிய குரல் அது.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் அம்மா தன் உண்மையான ஆசையைச் சொன்னார். இடப்பெயர்வில் படிப்பு நின்றபோது, கடைசியாகப் புரட்டிய வரலாற்றுப் புத்தகத்தில் அந்த ஊரின் இரட்டைக் குளத்துப் படம் இருந்ததாம். பக்கத்தில் பக்கத்தில், கற்படி இறங்கும் இரண்டு தடாகங்கள். "அது மட்டும் பாத்தாக் காணும் எனக்கு."

நீங்களும் ஓம் என்றுதான் இறங்கினீர்கள். வெள்ளரசு மரத்தைக் கும்பிட்டோம், புத்தரின் தாதுகோபத்தைச் சுற்றினோம். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, வழியில் திசாவாவியின் அணைக்கட்டு கண்ணில் படும்வரை.

"ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறன்."

வயல் செய்யும் கமக்காரனின் எட்டிப்பார்த்தல்! தண்ணீர் திறக்கும் துருசைத் தடவினீர்கள். வாய்க்காலில் இறங்கிக் கையால் ஆழம் பார்த்தீர்கள். அங்கே குளித்துக்கொண்டிருந்த சிங்கள ஐயா ஒருவரைப் பிடித்து, தெரிந்த ஒரே சிங்களச் சொல்லான 'வத்துர'வை, அதாவது 'தண்ணி'யை, வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பங்கீடு முழுவதையும் கதைத்து முடித்தீர்கள். மிச்சத்தைக் கைகள் பேசின. அவரும் விட்டபாடில்லை, தன் வயலைக் காட்டக் கூட்டிப்போய்விட்டார். அம்மா மரநிழலில் சோற்றுப் பார்சலோடு காத்திருந்தார். அணைக்கட்டில் நான் எடுத்த ஒரே படத்தில், நீங்கள் அம்மாவை அணைக்காமல் துருசுக் கம்பியை அணைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

நீங்கள் திரும்பி வந்தபோது கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"இஞ்சேருங்கோ, எங்கடை இரணைமடுக் குளத்தில தண்ணி இல்லையெண்டோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று அம்மா கேட்டார். வவுனியா வந்தபோதுதான் சிறுபோகக் கணக்கில் அந்த வாக்கைக் கொடுத்தீர்கள். வைகாசியில் நெஞ்சுவலி வந்தது. வாக்கு மட்டும் இங்கே நின்றுவிட்டது.

இந்தப் போகத்தை அம்மாதான் செய்தார். உங்கள் மண்வெட்டியை வேறு யாரையும் தொடவிடவில்லை. இன்று காலை அவரிடம் போய் நின்றேன்.

"அம்மா, ஞாயிறு அனுராதபுரம் போறம். அப்பா கேட்டவர்."

"விசரே உனக்கு? செத்த மனுசன் எப்பிடியடி கேட்கும்?"

"சிறுபோகம் வெட்டி முடியட்டும் எண்டவரெல்லோ? வெட்டியாச்சு."

"தாலியில்லாத நான் ஊர் சுத்தினா சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைக்கட்டும். நாங்கள் பஸ்ஸில இருப்பம், கேட்காது."

அம்மா அடுப்பை ஊதினார். நானும் வாசலை விட்டு அசையவில்லை. கடைசியில் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "அங்கையிருந்து கடைசி பஸ் எத்தினை மணிக்கு?"

ஞாயிற்றுக்கிழமை நான் பின்சீற்றில்தான் இருப்பேன். அம்மாவுக்குப் பக்கத்தில் உங்கள் இடத்தில் சோற்றுப் பார்சல் இருக்கும். இறங்கியதும் நேரே இரட்டைக் குளம். அணைக்கட்டுப் பக்கம் அம்மாவைத் திரும்பவும் விடமாட்டேன்.

ஆனால் என் விளையாட்டில் இரண்டு பேரிடமும் சொல்லவேண்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இது உங்கள் பங்கு.

அப்பா, அம்மா ஆசைப்படுறா. இந்த முறை பொய்யில்லை.