வடக்குச் சுவரில் நான் பூசிய சிமெண்ட்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

முதலில் என் கையெழுத்தை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும் கண்ணு. ஒரு எழுத்து பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் நிற்கும், வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். சுவர் எடுக்கும்போது நூல் கட்டி நேர் பார்ப்பேன், காகிதத்தில் எங்கே கட்டுவது. இந்த முதல் பக்கத்துக்கே இரண்டு காலைப்பொழுது போய்விட்டது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் மட்டும் படி இறங்கும்போது முனகும், ஏறும்போது சும்மா இருக்கும், அதற்கு என்ன நியாயமோ தெரியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஆண்டவர் கிருபையில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இருமல் விட்டதா, அந்தக் கண்ணாடித் தொழிற்சாலைச் சூட்டிலிருந்து வெளியே வந்ததும் காதை மூடிக்கொள்கிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொல்கிறாள்.

இத்தனை வருடம் என் பேரில் உனக்கு வந்த கடிதமெல்லாம் தபாலாபீஸ் அம்மா எழுதியது. உன் அம்மாவுக்கு எழுதத் தெரியும், ஆனால் நான் சொல்வதை விட்டுவிட்டுத் தான் நினைத்ததைத்தான் எழுதுவாள். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார், ஆனால் வரிசையில் நாலு பேர் பின்னால் நிற்கும்போது மகளிடம் என்ன பேச முடியும், எல்லோரும் நலம், உடம்பைப் பார்த்துக்கொள் என்பதோடு வாய் அடைத்துவிடும். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நம் தேவாலயத்தின் பின்வரிசைப் பெஞ்சில் எங்களைப் போன்ற கிழடுகளை உட்கார வைத்துப் புதன்கிழமைதோறும் பாடம் நடத்துகிறார். எட்டு மாதமாகப் போகிறேன். பஸ் பலகை, மாத்திரை அட்டை, பழைய காலண்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். ஆனால் வாய்விட்டுத்தான் படிக்க வருகிறது, உதடு அசையாவிட்டால் எழுத்து உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு, உங்களுக்கு வயிற்றுவலி மாத்திரைன்னு தெருவுக்கே தெரிஞ்சு போச்சு என்கிறாள்.

கோயில் வேலைக்கு நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். வடக்குச் சுவர் ஒரு சாண் வயிறு தள்ளி நின்றதும், மழைக்கு முன்னால் சரிசெய்யாவிட்டால் பூட்டிவிடுவோம் என்று கட்டட அதிகாரிகள் கதவில் காகிதம் ஒட்டியதும் உனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தை நானே படித்தேன், படிக்கத் தெரிந்ததற்கு முதல் தடவையாக வருத்தப்பட்டேன். இருநூறு வருடமாகப் பூட்டாத கதவு. பஸ் டிரைவர் தன் சீட்டுக்குப் பக்கத்தில் உண்டியல் கட்டி வைத்தார், ஏறுகிறவர்கள் எல்லோரும் போட்டார்கள், வேறு கோயிலுக்குப் போகிறவர்களும் போட்டார்கள். தையல்கார அக்கா மிச்சத் துணியில் பை தைத்து விற்றாள். பாடகர் குழு டவுனுக்குப் போய்ப் பாடியது, உன் அம்மாவும் போனாள், இந்த வயதிலும் அவள் குரல் மேல் சுருதியில் நிற்கிறது. ஆனாலும் சேர்ந்தது பாதிதான்.

அப்போதுதான் இஞ்சினியர் பெண் வந்தாள். சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது. சுவரைத் தட்டிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், பிறகு எல்லோரையும் பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னாள், சுவருக்கு வயசாகி வந்த வியாதி இல்லைங்க இது, சுண்ணாம்புச் சுவர் மேல யாரோ சிமெண்ட் பூசியிருக்காங்க, சுவர் மூச்சு விட முடியல, குடிச்ச தண்ணி வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு சுண்ணாம்பை அரிச்சிருச்சு என்றாள். யார் பூசினது, எந்த வருஷம் என்று கேட்டாள். கண்ணு, அன்று நூறு பேர் இருந்தார்கள், ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முடிவெட்டுகிறவன், எதிரே பார்த்தால் என்னை வம்புக்கு இழுக்காமல் போகாதவன், அவன்கூடத் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து, நான்தான்மா பூசினேன் என்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது மணல் குவியலில் வீடு கட்டி விளையாடுவாய். ஞாயிற்றுக்கிழமை சட்டையில் சுவர்ப்பொடி ஒட்டுகிறது என்று எல்லோரும் குறை சொன்னார்கள், நான் கூலி வாங்காமல் பூசித் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். மற்ற வீடுகளுக்குச் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்று கலக்கிறவன், ஆண்டவர் வீடு என்று ஒன்றுக்கு மூன்று கலந்தேன். கல்லைப் போல நிற்கட்டும் என்று நினைத்தேன். இதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், தாத்தா நீங்க கொஞ்சம் ஏமாத்தியிருந்தா சுவர் பிழைச்சிருக்கும் என்றாள். உடனே முடிவெட்டுகிறவனுக்கு வாய் திறந்துகொண்டது, ஆயுசுல ஒரே தடவை நாணயமா வேலை செஞ்ச மாமா, அதுலயும் கோயிலையே சாய்ச்சுட்ட என்றான். நூறு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அவள் கேட்டதும் நெஞ்சில் ஏறிய பாரம் அந்தச் சிரிப்பில்தான் இறங்கியது.

செலவில் பாதி அந்தச் சிமெண்ட்டை உரித்து எடுக்கிற கூலிதான், அதற்கென்று பழகிய ஆட்கள் தூரத்து நகரத்திலிருந்து வர வேண்டும் என்றாள். நாங்களே உரிக்கிறோம் என்றேன். உள்ளே இருக்கிற கல் உடைஞ்சிரும் தாத்தா என்றாள். உடையாது, எங்கே மெல்லிசாப் பூசினேன், எங்கே தடிமனாப் பூசினேன்னு இந்தக் கைக்குத் தெரியும் என்றேன். சோதனைக்கு ஒரு ஆள் அகலம் கொடுத்தாள். சுவரை நனைத்து, சின்ன உளியைச் சாய்த்துப் பிடித்து, தட்டினால் டொக்கென்று உள்ளே வெற்றாகச் சத்தம் கேட்கிற இடத்திலிருந்து தொடங்கினேன். மத்தியானம் வரை ஆனது, ஒரு கல்லின் விளிம்புகூடப் போகவில்லை. அவள் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, செய்யுங்க என்றாள். மறுநாள் ஒன்பது பேர் உளியோடு வந்து நின்றார்கள். தையல்கார அக்கா எல்லோரையும்விட நன்றாக உரித்தாள், பழைய தையல் பிரிக்கிற மாதிரிதானே என்றாள்.

இரண்டு மாதம் உரித்தோம். பக்கவாசல் ஓரம் ஒரு இடம் மட்டும் இரண்டு நாள் எங்களைப் படுத்திவிட்டது, மூன்று விரல் தடிமன். எந்தக் கழுதை இங்க இவ்வளவு அப்பினான் என்று திட்டிக்கொண்டே கொத்தினேன், பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று சாந்துச்சட்டி எடுத்துக் கொடுத்த உன் அம்மா, இந்த இடத்துல கொஞ்சம் தடிமனாப் பூசுங்க என்றாள். ஈரம் பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்து இரண்டு பூச்சு போட்டேன். அந்தப் பாளம் முழுதாகப் பெயர்ந்து விழுந்தபோது, உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பில் யாரோ ஆணியால் கீறிய எழுத்துகள் தெரிந்தன. கீறலுக்குள் என் சிமெண்ட் போய் நிரம்பி, வெள்ளையில் சாம்பல் நிறமாக, அச்சடித்த மாதிரி இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், உளியோடு நின்றபடியே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, என் வழக்கப்படி சத்தமாகப் படித்தேன். ஆண்டவரே, படி கட்ட வந்திருக்கும் ஒல்லிக் கொத்தனாரை எனக்கே கொடும், அவர் பாட்டு மட்டும் வேண்டாம், இப்படிக்கு சிட்டு. கண்ணு, எழுத்துக் கூட்டுகிற மும்முரத்தில் பொருள் எனக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் சுற்றி நின்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. முடிவெட்டுகிறவன் சிரித்துச் சிரித்து வாளியைக் கவிழ்த்துவிட்டான். பாடகர் குழுவில் உன் அம்மாவைச் சிட்டு என்றுதானே கூப்பிடுவார்கள். நான் அந்தப் பக்கவாசல் படிகளைக் கட்டியபோது எனக்கு இருபத்திரண்டு வயது, வேலை செய்யும்போது பாடுவேன், கேட்டவர்கள் கல் எடுத்து எறியாதது ஆச்சரியம். பாடகர் குழுப் பெண்கள் பாட்டுப் பழகிவிட்டு அந்தச் சுவர் நிழலில்தான் நின்று சிரிப்பார்கள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று குனிந்துகொண்டே கல் வைப்பேன். சிமெண்ட் பூசுவதற்கு முன்னால் எத்தனை தடவை அந்தக் கீறலை நான் பார்த்திருப்பேன், படிக்கத் தெரியாதவனுக்கு அது வெறும் கீறல். கடைசியில் என் கையாலேயே பூசி மூடியிருக்கிறேன், அவள் பக்கத்தில் நின்று சட்டி கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஊர்ல வேற சிட்டே இல்லையா என்று உள்ளே போய்விட்டாள். இரண்டு ஞாயிறு கோயில் பக்கம் வரவில்லை, தெருவில் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் ஒல்லிக் கொத்தனார் சௌக்கியமா என்று கேட்டார்களாம். இதற்கிடையில் இஞ்சினியர் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தாத்தா, அந்த எழுத்து இருக்கிற சுண்ணாம்பு உப்பு ஏறி மாவாகிவிட்டது, அதையும் எடுக்க வேண்டும், விட்டால் புதுப் பூச்சு அங்கிருந்துதான் கழலத் தொடங்கும், ஆனாலும் உங்களுக்கு வேண்டுமென்றால் கண்ணாடி போட்டுக் காப்பாற்றப் பார்க்கிறேன், திங்கட்கிழமை சொல்லுங்கள் என்றாள். எல்லோரும் வைத்துக்கொள்ளத்தான் சொன்னார்கள். எனக்கும் அதுதான் ஆசை, மறைக்காமல் உனக்குச் சொல்கிறேன். ஒரு தடவை தெரியாமல் மூடினேன், தெரிந்த பிறகு என் கையாலேயே அழிப்பதா என்று மனம் அடம் பிடித்தது. சுவர் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

திங்கட்கிழமை காலை நான் உளியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தேன். உன் அம்மா வாளியில் தண்ணீரோடு வந்தாள், சுவர் நனைக்கிற தண்ணீர், அந்தக் காலத்தில் கொண்டு வருவாளே அதைப் போல. யாரையும் பார்க்கவில்லை. அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், விரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு என்னிடம், கேட்டது கிடைச்சாச்சு, மனுவை இன்னும் எதுக்குச் சுவத்துல வச்சுக்கிட்டு, கொத்துங்க என்றாள். அவளே தண்ணீரை அள்ளித் தெளித்துவிட்டு, அந்தப் பாட்டு வரியை வேணும்னா விட்டு வைங்க, அது மட்டும் இன்னும் கிடைக்கல என்றாள். அதற்கப்புறம் எனக்குக் கை வந்துவிட்டது. மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக எடுத்தேன், எடுக்கும் முன் ஒவ்வொன்றையும் படித்தேன். நான் பாடிக்கொண்டுதான் கொத்தினேன் கண்ணு. அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நிறுத்தச் சொல்லவில்லை.

சேர்ந்த பணத்தில் வயிறு தள்ளிய சுவரை இழுத்துக் கட்டியாகிவிட்டது, இப்போது அங்கே புதுச் சுண்ணாம்பும் ஏறிவிட்டது, அதிகாரிகள் வந்து பார்த்துக் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்துப் போனார்கள். உன் குளியலறைச் சுவர் ஊறுகிறது என்றாயே, பெயிண்ட் அடித்து மூடிவிடாதே, ஜன்னலைத் திறந்து வை, சுவர் காயட்டும், இந்த விஷயத்தில் அப்பா சொன்னால் கேட்கலாம். பதில் போடும்போது பெரிய எழுத்தாக, பிரித்துப் பிரித்து எழுது, சேர்த்து எழுதினால் எனக்கு இன்னும் பிடிபடாது. அம்மாவிடம் சிட்டு என்று எதுவும் கேட்காதே, எனக்குச் சோறு கிடைக்காது. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. விரல் வீங்கிவிட்டது, அடுத்த வாரம் புதன்கிழமைப் பாடம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன், உன்னிடம் சொல்லாமல் வைத்தது நாற்பது வருடத்துக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா