எல்லா வில்லும் ஒரே பக்கம்

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் ‘ஏதோ இருக்கேன்’ என்று எழுதுவாய். அதைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். வரலாறு, முதலாண்டு. அறுபத்திரண்டு வயதில் எதற்கு என்று நீ ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வரலாற்றுக்காக இல்லை. கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தும் இந்தக் கல்லூரியில் மாணவர்களுக்கென்று மூன்று இசைக் குழுக்கள் இருக்கின்றன. சிற்றாலயத்தில் பாடுகிற பாடகர் குழு, ஊதுகிறவர்களின் பேண்டு, வயலின் குழு. மாணவராக இருந்தால்தான் சேர்ப்பார்களாம். அதனால் மாணவி ஆகிவிட்டேன். தையல் கம்பெனியில் அடுத்தவர் தைத்த காலரை இத்தனை காலம் குறை சொல்லியாயிற்று. இனி வேறு வேலை.

மூன்று குழுக்களுக்கும் தலைவர் ஓர் இளம் ஃபாதர். கையில் எப்போதும் குச்சி இருப்பதால் பிள்ளைகள் ‘குச்சி ஃபாதர்’ என்கிறார்கள். அவர் முன்னால் கல்லூரி வயலினை வாசித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்லா வாசிக்கிறீங்கம்மா. ஆனா வில்லை எந்தக் கையில பிடிச்சிருக்கீங்க?”

“என் கையிலதான் ஃபாதர்.”

“இடது கையில பிடிச்சிருக்கீங்களே!”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. சின்ன வயதில் வயலின் வாத்தியார் வைத்தது உனக்குத்தானே? நான் உனக்கு எதிரே உட்கார்ந்து துணி மடித்தபடி பார்த்தவள். நீ வலது கையில் பிடித்த வில் என் இடப்பக்கம் தெரிந்தது. நீ விளையாடப் போன பிறகு அப்படியே எடுத்துப் பிடித்தேன். திருத்த யார் இருந்தார்கள்? சாப்பிடுவது, எழுதுவது, கத்தரிப்பது எல்லாம் எனக்கு வலது கை. வில் மட்டும் இடது.

குழுவில் சேர்த்துக்கொண்டார். ஆனால் அக்டோபரில் வரும் கல்லூரி நாள் கச்சேரிக்குள் கையை மாற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் மேடை இல்லை. பார்க்கலாம், அவர் மாறுகிறாரா நான் மாறுகிறேனா என்று.

உன் அக்கா

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஏதோ இருக்கேன்.

கோபப்படாதே, நீ எதிர்பார்ப்பாயே என்றுதான் எழுதினேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. மற்றபடி அலுவலகம் போகாத காலை எப்படி இவ்வளவு நீளமாக இருக்கிறது என்றுதான் புரியவில்லை.

நீ கல்லூரிக்குப் போவதைக் கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னேன். “பாடம் எடுக்கவா?” என்றார். “இல்ல, வாத்தியாரோட சண்டை போட” என்றேன்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், கேள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு வரிசையில் பத்து பேர் உட்கார்ந்தால் எல்லா வில்லும் ஒரே பக்கம் போக வேண்டாமா? உனக்கு எல்லாமே வலது கைதான். ஊசியில் நூல் கோர்க்கிற கைக்கு வில் ஒரு பாரமா? ‘ஊரோடு ஒத்துப் போடா’ என்று எனக்கு ஆயிரம் தடவை சொன்னவள் நீ.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் வயலினைத் தொட்டே பல வருஷம் ஆகிறது. அலமாரி மேல் கிடக்கிறது. எனக்குச் சொல்லித் தந்த வாத்தியாருக்குத் தெரிந்தால் அழுவார்.

அன்புத் தம்பி

ஆகஸ்ட் 9

தம்பி,

‘அன்புள்ள’ வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

ஊரோடு ஒத்துப் போகச் சொன்னது உனக்கு. நீ ஒத்துப் போய் என்ன கண்டாய்? வாத்தியாரும் உனக்கு, வயலினும் உனக்கு. கடைசியில் அது அலமாரி மேல், நீ நாற்காலி மேல். என்னை மாறச் சொல்கிறாய்!

ஒரு நாள் வலது கையிலும் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய் காணாத கதவைத் திறந்து மூடுகிற சத்தம். நல்ல வாசிப்பைக் கெடுத்துக்கொண்டு பார்வைக்கு அழகாக உட்கார நான் என்ன கடை பொம்மையா?

இந்த வாரம் இன்னொரு கூத்து. எனக்கு இடப்பக்கம், வரிசையின் ஓரத்தில் உட்காருகிற பெண்ணைச் சுருட்டை என்பார்கள், முடி அப்படி. அவள் வில் இந்தப் பக்கம் வர, என் வில் அந்தப் பக்கம் போக, வேகமான இடத்தில் என் வில்லின் திருகு அவள் முடியில் மாட்டிக்கொண்டது. நான் இழுக்க, அவள் “ஆ!” என்று கத்த, அது சுருதியில் இருந்ததுதான் வேடிக்கை. பேண்டுப் பையன்கள் ஊதுவதை விட்டுவிட்டு உருண்டு சிரித்தார்கள். “விடுங்க, நானே எடுத்துக்குறேன். வில்லை ஒடிச்சிராதீங்க, முடி வளர்ந்துரும்” என்கிறாள் அந்தப் பிள்ளை!

ஃபாதருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “இதத்தான்மா சொன்னேன்” என்றார்.

“இவ இடத்துல நான் உக்காந்தா ரெண்டு வில்லும் மோதாது ஃபாதர்.”

“மோதாது. ஆனா பாக்குறதுக்கு? ஒரு வில் மட்டும் எதிர்ப்பக்கம் போனா சபையோட கண்ணு அங்கதான் போகும்.”

“உங்க கோவில்ல கைகோத்து ஜெபம் பண்றாங்களே, எந்தக் கட்டைவிரல் மேல இருக்குன்னு பாத்தா ஆண்டவர் காது குடுக்குறாரு?”

குச்சியை மேசை மேல் வைத்தார். பிறகு, கையை மாற்ற முடியாவிட்டால் பாடகர் குழுவின் பியானோ பக்கத்தில் உட்கார்ந்து தாள் புரட்டலாம் என்றார். தாள் புரட்ட! நான்!

நீயும் அவர் கட்சி. ஆகவே உனக்கு எழுதும் கடைசிக் கடிதம் இது.

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதுவதுதான் கடைசி என்றாய். நான் எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே.

உன் கடிதத்தைப் படித்த கோபத்தில் அலமாரியிலிருந்து வயலினை இறக்கினேன். புதுக் கம்பி மாட்டிச் சுருதி சேர்த்தேன். உன்னைத் தோற்கடிக்க வேண்டும் என்று நினைத்து, உன் மாதிரியே வில்லை இடது கையில் பிடித்தேன். கையை மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று எழுதத்தான் திட்டம்.

அக்கா, ஒரு சுரம் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, “கட்டிலை நகர்த்துறீங்களா? நான் ஒரு கை பிடிக்கவா?” என்று கேட்டார்.

அப்புறம்தான் கம்பிகளைப் பார்த்தேன். என் கைக்காகக் கட்டிய வயலின் அது. உனக்கு அது தலைகீழ். நீ கையை மாற்றிப் பிடித்தது மட்டுமில்லை. கீழே இருக்க வேண்டியதெல்லாம் மேலே இருக்க, அப்படியே முழு வித்தையும் கற்றிருக்கிறாய். வாத்தியார் பக்கத்தில் நின்று விரலைப் பிடித்து வைத்தும் நான் பாதி வழியில் நின்றவன்.

முன்பு எழுதியதைக் கிழித்துப் போடு. கையை மாற்றாதே. மேடை கிடைக்காவிட்டால் இங்கே வா. என் வீட்டு முன்னறையில் வாசி. கீழ்வீட்டுக்காரர் நாற்காலி போடுவார்.

அன்புத் தம்பி

அக்டோபர் 14

அன்புள்ள தம்பிக்கு,

‘அன்புள்ள’ திரும்ப வந்துவிட்டது, பார்த்துக்கொள்.

கச்சேரிக்கு முந்தைய ஒத்திகை அன்று நடந்ததைக் கேள். ஃபாதர் உள்ளே வந்து, எனக்குப் பியானோப் பக்கம் கை காட்டினார். நான் நகரவில்லை. சரி என்று பெருமூச்சுவிட்டுக் குச்சியைத் தூக்கினார். அவ்வளவுதான்! வயலின் குழு மொத்தமும், எனக்குக்கூடச் சொல்லாமல், வில்லை இடது கைக்கு மாற்றிப் பிடித்து இழுத்தது. கர்ணகடூரம்! சந்தையில் கோழிக் கூடை கவிழ்ந்தாலும் இதைவிட ராகமாக இருக்கும். பாடகர் குழுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“என்ன இது!” என்று கத்தினார் ஃபாதர்.

சுருட்டை எழுந்து நின்றாள். “எல்லா வில்லும் ஒரே பக்கம் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க ஃபாதர்? போகுது.”

அவர் முகம் சிவந்தது. உதடு துடித்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் சிரிக்க ஆரம்பித்தார்! குச்சி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், “ஓரத்துல உக்காருங்கம்மா. இவங்களை வலது கைக்குத் திரும்பச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றார்.

கச்சேரியில் மூன்று குழுவும் சேர்ந்து வாசித்தோம். பாடகர்கள் பின்னால், பேண்டு வலப்பக்கம், நாங்கள் இடப்பக்கம், கோடியில் நான். சபையின் கண் என் வில் மேல்தான் போயிற்றாம். போகட்டும், காதும் கூடவே வந்ததே! முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். சுருட்டை என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். அவளும் விழவில்லை, நானும் விழவில்லை.

ஃபாதரை மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. சிரித்ததற்குப் பாதி மன்னிப்பு. தாள் புரட்டச் சொன்னதற்கு இன்னும் இல்லை.

இப்போது உன் விஷயம். வரும் ஜூனில் இங்கே சேர்கிறாய். ஃபாதரிடம் பேசிவிட்டேன். ‘ஒரு சந்தேகம்தான், அவரு எந்தக் கை?’ என்று கேட்டார். வலது என்றேன். ஆண்டவருக்கு நன்றி சொன்னார். வயலின் கம்பி மாற்றியாயிற்று, முழங்காலுக்கு இங்கே படியே இல்லை. சாக்கு ஏதும் மிச்சமில்லை.

ஒன்றே ஒன்று. இந்தக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் இரண்டாமாண்டுக்காரியை அக்கா என்று கூப்பிட்டு, சொன்னதைக் கேட்டு நடக்க வேண்டும். உனக்கு அதில் கஷ்டம் இருக்காது.

உன் சீனியர்