கிட்டார் தம்பி மேல் நான் போட்ட பழி

கே.கே. நகர், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஸ்ரீநாத்துக்கு அம்மா எழுதுவது. கூடலழகர் தயவில் என் உடம்புக்குக் குறையில்லை, உனக்கும் இருக்காது என்று நானே வைத்துக்கொண்டேன், கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லையே. ஜெர்மனியில் இருக்கும் நீ பத்தொன்பது நாளாகப் போனை எடுக்கவில்லை. நம் சௌராஷ்டிர பாஷையில் எனக்கு எழுத வராது, அதனால்தான் தமிழ். நம் வீட்டில் கோபம் வந்தால்தான் தமிழ் வரும் என்று நீ பயந்துவிடாதே, எனக்குக் கோபம் இல்லை.

பழங்காநத்தம் சித்திக்கு முட்டி வலி, இந்தப் பக்கம் வருவதே இல்லை. அப்பா போன பிறகு மிக்சி ஓடினால்தான் வீட்டில் சத்தம், ஒருத்திக்கு எம்புட்டு அரைப்பது சொல். சனிக்கிழமை பஜனைக்குப் போனால் நாலு முகம் பார்க்கலாம், ஆனால் எல்லாரும் பையன் பேசினானா என்றுதான் கேட்கிறார்கள். பேசினான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள் பேண்டின் புதுப் பாட்டு யூடியூபில் வந்த அன்று என்ன நடந்தது என்று நீ என்னைச் சொல்லவே விடவில்லை, இப்போதாவது கேள். பஜனையில் தாளம் போட்ட கை சும்மா இருக்குமா, தொடையில் தட்டிக்கொண்டே கேட்டேன். நீ ட்ரம்ஸில் எட்டு எட்டு அடியாக ஒழுங்காகப் போகிறாய், அந்த ஜெர்மன் தம்பி யோனாஸ் கிட்டாரில் எங்கேயோ ஓடுகிறான். மெட்டல் பாட்டு என்றால் கத்துவார்கள், நடுவில் ஜாஸ் மாதிரி சாக்ஸபோன் வந்து கொஞ்சும் என்றெல்லாம் சொல்லியிருந்தாய், தாளம் இப்படி ஓடும் என்று சொல்லவில்லையே. என் பிள்ளை உழைப்பை இன்னொருத்தன் கெடுக்கிறானே என்று ஆத்திரப்பட்டு, ஸ்ரீநாத் சரியாக வாசிக்கிறான், கிட்டார் தம்பிக்குத்தான் தாளம் நிற்கவில்லை, இப்படிக்கு ஸ்ரீநாத் அம்மா என்று பாட்டுக்குக் கீழே எழுதிவிட்டேன். நீ மட்டும் படிப்பாய் என்று நினைத்தேன். யாரோ இங்கிலீஷில் மாற்றிப் போட்டு, முன்பின் தெரியாதவர்களெல்லாம் சிரிப்பார்கள் என்று கண்டேனா. கூட வாசிக்கிறவன் முகத்தில் நீ எப்படி முழிப்பாய், நீ கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் "இனிமே எங்க பாட்டக் கேட்காதம்மா, ஒனக்குப் புரியாது" என்று தமிழில் சொல்லி போனை வைத்தாயே, அதுதான் இன்னும் காதிலேயே நிற்கிறது.

நீ சொன்னபடி அன்றிலிருந்து கேட்கவில்லை, அப்பா மேல் சத்தியம். ஆனால் அதற்கு முன்னால் நூறு தடவை கேட்டது மனசுக்குள் ஓடினால் நான் என்ன செய்ய. முந்தாநாள் அவரைக்காய் நறுக்கும்போது அதுவாக ஓடியது. உன்னை விட்டுவிட்டு அந்தத் தம்பியை மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஏழு, மறுபடி ஏழு. அவன் எங்கேயும் ஓடவில்லை ஸ்ரீநாத். அவன் ஏழு ஏழாக எட்டுத் தடவை, நீ எட்டு எட்டாக ஏழு தடவை, ஐம்பத்தாறாவது அடியில் இரண்டு பேரும் ஒன்றாக வந்து இறங்குகிறீர்கள். பொறுமையில்லாமல் பாதியிலேயே தீர்ப்புச் சொன்னவள் நான்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை.

மாடி வீட்டு விஜய்ஆனந்திடம் சொல்லி, பாட்டுக்குக் கீழே எழுதினதை அழித்துவிட்டேன். யோனாஸ் தம்பியிடம் அம்மா தப்பாக எண்ணிவிட்டாள், மன்னிப்புக் கேட்டாள் என்று சொல். இதோடு வரும் பார்சலில் அதிமதுரம் வைத்திருக்கிறேன், அந்தக் கத்திப் பாடுகிற பையனை வெந்நீரில் போட்டுக் குடிக்கச் சொல், கேட்ட ஒவ்வொரு தடவையும் அவன் தொண்டையை நினைத்து எனக்குப் பயம். குளிரில் வெறுங்காலோடு ட்ரம்ஸ் மிதிக்காதே.

நீயும் உன் கூட்டாளிகளும் கை கால் சுகத்தோடு பெயர் விளங்க வாழவேண்டும். மறக்காமல் ஒன்று செய். பேச மனசு வராவிட்டால் பரவாயில்லை, பாட்டைக் கேட்கலாம் என்று ஒரே ஒரு வரி அனுப்பு. எனக்குப் புரியாவிட்டால் என்ன, ட்ரம்ஸில் இருப்பது நீதானே. நீ இந்த வீட்டில் இருக்கிற சத்தம் எனக்கு அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
நீ சொல்லும்வரை கேட்காமல் இருக்கும் அம்மா,
து. சூடாமணி