பயம் தெரிந்த கால்

கொழும்பு
12.02.2017

அன்பின் மர்ளியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகள் ஷிம்லாவும் சுகம்தானே. போனில் கதைத்தால் நம் இருவருக்கும் பாதியில் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

புதுச் செயற்கைக் காலைப் பூட்டிவிட்டார்கள். பாதத்தின் அடியில் சின்னச் சின்ன உணரிகள். தொடையில் ஒரு பட்டி. குதிகால் நிலத்தில் பட்டால் தொடையின் பின்பக்கம் அதிர்கிறது, விரல் பக்கம் பட்டால் முன்பக்கம். முதலில் வெறும் கூச்சம்தான். சில நாள் போக, அது தொடை என்பதே மறந்து, இல்லாத பாதத்தில்தான் படுகிறது என்று தோன்றிவிட்டது. பயிற்சி தரும் பிள்ளை, "கண்ண மூடிக்கொண்டு நடங்க, நானா" என்றாள், சொந்தத் தங்கை மாதிரி. எது மணல், எது சரளைக்கல் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

இனி முசலிக் காணிக்குப் போகலாம். கண்ணிவெடியெல்லாம் எடுத்தாயிற்று என்று அங்கே திரும்பக் குடியேறிவிட்ட சரீப் நானா சொல்கிறார். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் அங்கிருந்து விரட்டியபோது எனக்குப் பதினாலு வயது. யுத்தம் முடிந்து திரும்பிப் போய்க் காடு வெட்டியபோது அந்த மண்ணே காலை எடுத்தது. ஆனாலும் என் வாப்பாவின் மண். நாம் அங்கேயே போய் இருப்போம். யோசித்துப் பதில் போடு.

மக்பூல்


பள்ளிவாசல்துறை
20.02.2017

ஷிம்லாவின் வாப்பாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை ஷிம்லா நான் வேலை செய்யும் மீன் வாடிக்குக் கொண்டுவந்து, கருவாடு புரட்டிக்கொண்டிருந்த எல்லோருக்கும் கேட்க வாசித்தாள். காணிக் கதை வந்ததும் நிறுத்திவிட்டாள். அவளுக்கு இந்த வருஷம் ஓ.எல். சோதனை, இப்போது பள்ளிக்கூடம் மாற்ற முடியாது.

உங்கள் கால் உணர்வதில் எனக்குள்ள சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. ஆனால் அங்கே வரமாட்டேன். நான் பிறந்த ஊர் இது. அது மட்டுமில்லை. உங்களை ஆஸ்பத்திரியில் அந்தக் கோலத்தில் பார்த்து அழுதேன். அழுதுகொண்டே, இனி இவர் அந்தப் பக்கம் போகமாட்டார் என்று ஒரு நிம்மதியும் வந்தது. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தாலும் சரி. இப்போது உங்களுக்குக் கால் வந்துவிட்டது, எனக்கு நித்திரை போய்விட்டது.

போவதென்றால் போங்கள். நானும் மகளும் இங்கேதான்.

மர்ளியா


முசலி
09.03.2017

மர்ளியா,

உன் கடிதத்தை வாசித்த கோபத்தில் வீட்டுக்கு வராமல் நேரே இங்கே வந்துவிட்டேன். ஒரு மாதம் பாவித்துப் பார்க்கக் காலைத் தந்திருக்கிறார்கள். சரீப் நானா வீட்டில் நிற்கிறேன்.

அதே கோபத்தில்தான் காணிக்கும் போனேன். வேலியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம். பாதத்தின் அடியில் எதுவோ நறுக்கென்று உடைந்தது, தொடை அதிர்ந்தது. குப்புற விழுந்து, தலையைப் பொத்திக்கொண்டு கத்தியிருக்கிறேன். "சிரட்டைடா மக்பூல், வெறும் தேங்காய்ச் சிரட்டை. எழும்பு" என்று சரீப் நானா தூக்கினார். எழும்பினேன். அதற்குமேல் ஒரு அடி வைக்க முடியவில்லை. அடுத்த நாளும் போய் வேலியோடு நின்றுவிட்டேன்.

பழைய பிளாஸ்டிக் காலுக்கு ஒன்றும் தெரியாது, எங்கே வைத்தாலும் போகும். இந்தக் காலுக்குத் தெரிகிறது. இத்தனை வருஷம் நீ என்ன பயத்தோடு இருந்தாய் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

குடியிருக்க இனிக் கூப்பிடமாட்டேன். பயிரைச் சரீப் நானாவே செய்யட்டும். ஆனால் வாப்பா வெட்டிய கிணறு வரைக்கும் ஒரு தரமாவது நடந்துவிட்டு வரவேண்டும். தனியாக முடியவில்லை.

மக்பூல்


பள்ளிவாசல்துறை
14.03.2017

ஷிம்லாவின் வாப்பாவுக்கு,

அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஷிம்லாவை உம்மா பார்த்துக்கொள்வா. அதுவரைக்கும் காணிப் பக்கம் போகவேண்டாம். சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

எனக்கும் பயம்தான். கிணறு வரைக்கும் நான் முன்னால் நடக்கிறேன். நான் மிதித்த இடத்தில் நீங்கள் மிதியுங்கள்.

மர்ளியா