பிரண்டைப் பொடியும் என் எலும்பும்

பிப்ரவரி 3, 2025, திங்கள்
இன்றைக்கு நாற்பது பாக்கெட் கட்டினோம். பிரண்டையை மோரில் ஊறவைத்து, காயவைத்து, அரைக்க எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேர். ஆனால் மோரின் புளிப்பை நாக்கில் வைத்துச் சரி சொல்ல நான் ஒருத்திதான். புளிப்பு குறைந்தால் தொண்டை அரிக்கும். செட்டிகுளத்தில் வேறு யாருக்கு வரும் இந்தக் கைப்பக்குவம்? பாக்கெட்டில் என் போட்டோ, கீழே 'என் எலும்பே சாட்சி - அம்சவள்ளி'. நான் சொன்ன வாசகம்தான். ஐம்பத்திரண்டு வயதில் முப்பது கிலோ மூட்டை தூக்குகிறேன், சும்மாவா!

பிப்ரவரி 9, ஞாயிறு
அடுத்த வாரம் பெரம்பலூரில் இலவச எலும்பு முகாமாம். குதிகாலை மெஷினில் வைத்தால் எலும்பின் பலம் தெரியுமாம். போகிறேன். ரிசல்ட்டை பிரேம் போட்டு ஸ்டாலில் மாட்டப் போகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு
எலும்பு தேஞ்சிருக்காம். எனக்கு!

மெஷின் கோளாறு என்றேன். மறுபடி வைத்தார்கள், அதே நம்பர். "பிரண்டை கணுக்கணுவா எலும்பு மாதிரியே இருக்கு பாருங்க சார், அது எப்படி வேலை செய்யாம போகும்?" என்று கேட்டேன். டாக்டர் குருமூர்த்தி சிரிக்கவில்லை. "தாராளமா சாப்பிடுங்கம்மா. ஆராய்ச்சி நடக்குது, உறுதியா ஒண்ணும் சொல்ல முடியல. இந்த வயசுல எலும்பு கரையும். அதுக்கு ஸ்கேன் பாத்து மாத்திரை போடணும்."

"சாட்சி பல்டி அடிச்சிருச்சு" என்று என் மகன் விக்கி சிரிக்கிறான். பெத்த வயித்துல பிரண்டைய வச்சுத்தான் கட்டணும்.

பிப்ரவரி 18, செவ்வாய்
குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. எதுக்குச் சொல்லணும்?

பிப்ரவரி 20, வியாழன்
அரியலூர் பச்சையம்மாள் போன். மாதம் தவறாமல் பொடி வாங்குகிறவள். "உங்க பேச்ச நம்பி எலும்பு மாத்திரைய நிறுத்தி நாலு மாசமாச்சுக்கா. இன்னும் ரெண்டு பாக்கெட் அனுப்புங்க."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். 'மாத்திரைக்குத் தண்டம் அழாதே' என்று தீபாவளிக்கு நான்தானே சொன்னேன்? தினமும் மாடிப்படி கூட்டுகிறவள் — விழுந்து வச்சா? பாவி, பாவி.

பிப்ரவரி 21, வெள்ளி
காலை பஸ்ஸில் அரியலூர் போனேன். ரிசல்ட் தாளை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப எங்கிட்ட பொய் சொன்னீங்களா?"

"பொய் இல்லடி. தெரியாம பெருமையடிச்சேன்."

அவளுடைய டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போய் நானும் கூடவே உட்கார்ந்தேன். மாத்திரை அவளுக்கு, திட்டு எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்
குழுவில் சொல்லிவிட்டேன். பழைய லேபிள் வேண்டாம் என்றதும் வேணிக்குக் கோபம். "யாவாரம் படுத்துரும்க்கா!"

"படுக்கட்டும்டி. என் மூஞ்சி போட்ட பாக்கெட்ல பொய் இருக்கக் கூடாது."

புது லேபிள்: 'பிரண்டைப் பொடி. சோற்றுக்கு. மருந்து அல்ல.' என் போட்டோவை மட்டும் எடுக்க விடவில்லை. நல்ல போட்டோ.

மார்ச் 9, ஞாயிறு
பெரம்பலூர் கண்காட்சியில் ஸ்டால். மதியம் வரை மூன்று பாக்கெட்தான் போனது. வேணி என் முகத்தையே பார்க்கவில்லை.

பிறகு ஒரு பெண் வந்தாள். "எலும்புக்கு நல்லதாங்க?"

"நல்லெண்ணெய் ஊத்திப் பெசஞ்சா சோறு ரெண்டு வாய் கூடப் போகும். எலும்புக்கு டாக்டரப் பாருங்க. நானே ஸ்கேன் பாத்து மாத்திரை போடுறேன்."

பக்கத்துக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த வரிசையில எல்லாருமே எல்லா நோயும் தீரும்ங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் தீராதுன்னீங்க. நாலு பாக்கெட் குடுங்க."

வேணி இப்போது என்னைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி பாக்கெட்டுகளை எடுத்து வைத்தேன். சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை.